சக்கர நாற்காலியில் மான்டனா மாட்டுப் பண்ணைக்கு: அப்பாவை அழைத்துப் போகலாமா?

வாசகர் கடிதம் (சுருக்கமாக):

நாங்கள் சியாட்டிலில் இருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது. காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் ஆயுள் முழுவதும் மாடு வளர்த்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. ஊன்றுகோலுடன் பத்தடி நடப்பார். மற்றபடி சக்கர நாற்காலிதான். மாடுகளில் பெரும்பாலானவற்றை விற்ற பிறகு பேச்சே குறைந்துவிட்டது. ஏப்ரலில் இங்கே வந்தார். அருங்காட்சியகம், ஏரி, படகு என்று அழைத்துப் போனோம். எல்லா இடத்திலும் தலை குனிந்தே உட்கார்ந்திருக்கிறார். மான்டனாவில் அரசு பராமரிக்கும் கிரான்ட்-கோர்ஸ் என்ற பழைய மாட்டுப் பண்ணை பற்றிக் கேள்விப்பட்டேன். என் கணவரோ, "மாட்டையே பார்த்து வளர்ந்தவருக்கு மாட்டைக் காட்ட இவ்வளவு தூரமா? சரளைக்கல்லில் நாற்காலி எப்படிப் போகும்?" என்கிறார். ஜூலையில் அம்மாவும் வருகிறார். அவர் வந்த மறுநாளே கிளம்பலாம் என்று நினைக்கிறேன். அழைத்துப் போகலாமா?

இயன்முறை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அழைத்துப் போங்கள். ஆனால் அம்மா வந்த மறுநாள் வேண்டாம். அதற்குக் காரணம் பயணக் களைப்பு மட்டும் இல்லை, கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணவரின் கேள்வி. பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சுக் குறைந்துபோன பெரியவர்களை இருபது வருடங்களாகப் பார்த்துவருகிறேன். அவர்களில் பலருக்கு வாய் நன்றாக இருக்கும், பேசுவதற்கு விஷயம்தான் இருக்காது. நேற்றுவரை ஊரே வந்து யோசனை கேட்ட மனிதரிடம் இன்று "மாத்திரை போட்டீர்களா?" என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்பதில்லை. ஏரியும் படகும் அவருக்குக் காட்டப்பட்டவை. மாடு அவருக்குத் தெரிந்தது. தெரிந்தவராக ஓர் இடத்துக்குப் போவது அவருக்கு மறுபடி கிடைக்க வேண்டும். அதற்கு 560 மைல் அதிகம் என்று நான் நினைக்கவில்லை.

நீங்கள் தேர்ந்தெடுத்த இடமும் நல்ல இடம். டியர் லாட்ஜ் என்ற சிறிய ஊரில், 90-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் 1,500 ஏக்கருக்கு மேல் நிலம். நுழைவுக் கட்டணம் கிடையாது. பழைய பொருள்களைக் கண்ணாடிக்குள் அடுக்கிவைத்த காட்சிக்கூடம் என்று எண்ணிவிடாதீர்கள். இன்றும் அங்கே மாடு மேய்கிறது, கன்று போடுகிறது, கோடையில் புல் அறுத்துப் போர் போடுகிறார்கள். அந்தப் பண்ணையைப் பாதுகாக்கவும், பழைய மாட்டுப் பண்ணைக் காலத்தை மக்களுக்குப் புரியவைக்கவும் 1972-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது.

போகும் வழியில் அப்பாவிடம் அந்தப் பண்ணையின் கதையைச் சொல்லுங்கள். முழு வரலாறும் வேண்டாம், அவர் காதில் ஏறக்கூடியதை மட்டும். அதை ஆரம்பித்தவர் ஜானி கிரான்ட், கனடாவில் பிறந்த வணிகர். அந்தக் காலத்தில் மேற்கே குடியேறப் போன குடும்பங்கள் மாட்டு வண்டியில் மாதக்கணக்கில் நடந்தன. பாதி வழியில் காளைகள் கால் தேய்ந்து, எலும்பும் தோலுமாக நின்றுவிடும். கிரான்ட் அந்தப் பாதையில் காத்திருந்து, தன்னிடம் மேய்ந்து தெம்பாக இருக்கும் ஒரு மாட்டைக் கொடுத்து, ஓய்ந்த மாடுகள் இரண்டை வாங்கிக்கொள்வார். அவற்றை ஒரு பருவம் மேயவிட்டுத் தேற்றி, அடுத்த வருடம் அதே பாதைக்கு ஓட்டிவந்து மறுபடி ஒன்றுக்கு இரண்டு. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியவருக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவரே மேலும் நாலு கேள்வி கேட்பார்.

கிரான்ட் 1862-இல் கட்டிய வீட்டையும் பண்ணையையும் 1866-இல் கான்ராட் கோர்ஸ் வாங்கினார். விலை 19,200 டாலர். இன்றைய ஜெர்மனியின் வடக்கே ஹோல்ஸ்டைனில் பிறந்து, பதினைந்து வயதில் கப்பலேறி, தங்கம் தேடி மான்டனாவுக்கு வந்தவர் அவர். தங்கத்தில் பணம் சேரவில்லை. சுரங்க முகாமில் கசாப்புக் கடை வைத்தார், கடைக்கு மாடு வேண்டியிருந்தது, அப்படித்தான் பண்ணையாளர் ஆனார். தாய் ஒன்றாகவும் தந்தை வேறாகவும் உள்ள சகோதரர் ஜான் பீலன்பெர்க்கும் அவருமாக நடத்திய தொழில் உச்சத்தில் இருந்தபோது, வருடத்துக்கு எட்டாயிரம் முதல் பத்தாயிரம் மாடுகள் வரை சிகாகோ சந்தைக்கு ரயிலேறின. மேய்ச்சல் பரப்பு நான்கு மாநிலங்களிலும் கனடாவிலுமாக ஒரு கோடி ஏக்கர்வரை விரிந்திருந்தது.

இந்த ஒரு கோடி ஏக்கர் அவருடைய சொந்த நிலம் இல்லை. வேலி இல்லாத அரசு நிலம், இலவசப் புல். அந்தப் புல்லைத் தின்றுகொண்டிருந்த காட்டெருமைகளைக் கொன்று தீர்த்து, அவற்றை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகளை ஒதுக்கிடங்களுக்குள் தள்ளிய பிறகு கிடைத்த புல். இதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். மேய்ச்சல் நிலம் போனால் மாடு வளர்ப்பவன் கதி என்ன என்பது அவருக்குத் தெரியும், அந்த இழப்பும் அவருக்குப் புரியும்.

1886-87 குளிர்காலத்தில் பனி உறைந்து மூடியதில் புல்லைக் கிளற முடியாமல் சமவெளியெங்கும் மந்தை மந்தையாக மாடுகள் செத்தன. பெரிய பண்ணைகள் பல அதோடு முடிந்துபோயின. கோர்ஸ் பியூட் நகர வங்கியாளர் ஏ. ஜே. டேவிஸிடம் ஒரு லட்சம் டாலர் கடன் வாங்கி மீண்டும் தொடங்கி, நான்கே வருடங்களில் அடைத்துவிட்டார். ஆனால் அந்தக் குளிருக்குப் பிறகு மேற்கில் மாடு வளர்க்கும் முறையே மாறியது. திறந்தவெளியை நம்பாமல் வேலி போட்டு, புல் அறுத்து உலர்த்திச் சேமித்து, குளிரில் தீவனம் வைக்கும் வழக்கம் வேரூன்றியது. கொங்கு நாட்டில் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் வளர்த்து, கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் மேய்க்கிறவர்கள் வேலியின் அருமையை எப்போதோ அறிந்தவர்கள். உங்கள் அப்பா அந்தப் பண்ணை வேலியையும் புல் போரையும் பார்க்கும் பார்வை மற்றவர்கள் பார்ப்பதைப் போல இருக்காது. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் சற்றுக் காத்திருந்தாலே போதும்.

இனி நாற்காலி. உங்கள் கணவரின் பயம் நியாயமானது. பார்வையாளர் மையம் பிரச்சினை இல்லை. அங்கிருந்து வீடு, லாயம், கொட்டகை, பட்டி என்று போக வேண்டும். வேலை நடக்கும் பண்ணை என்பதால் மண்ணும் சரளையும் சாணமும் இருக்கும், மழை பெய்தால் சேறும் சேரும்.

விமான நிலையத்தில் தருவது போன்ற, நான்கு சக்கரமும் சிறியதாக உள்ள நாற்காலியைத்தான் பல வீடுகளில் வாங்கிவைத்திருக்கிறார்கள். அது அங்கே உதவாது. பின்சக்கரம் பெரியதாகவும் டயர் அகலமாகவும் உள்ள நாற்காலியை மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். எதுவானாலும் சரளையில் முதலில் புதைவது முன்னாலிருக்கும் சின்னச் சக்கரம்தான். நீங்கள் பின்னாலிருந்து அழுத்தித் தள்ளத் தள்ள அது இன்னும் ஆழமாக இறங்கும், நாற்காலி சட்டென்று நின்று, உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். அந்த மாதிரி இடம் வந்தால் நாற்காலியை அப்படியே திருப்பி, பெரிய சக்கரம் முன்னே போக, பின்னோக்கி இழுத்துச் செல்லுங்கள். இறக்கத்திலும் அப்படியே: நீங்கள் கீழ்ப்பக்கம், அவர் முகம் மேட்டைப் பார்த்தபடி. இடுப்புப் பட்டை கட்டாமல் ஓரடியும் நகர்த்தக் கூடாது. இடது பாதம் மிதியிலிருந்து தானாக நழுவும், அவருக்கே தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குனிந்து பாருங்கள்.

காரிலிருந்து இறக்கும்போது நாற்காலியை அவருடைய வலது பக்கம், அதாவது பலமுள்ள பக்கம் வையுங்கள். இடது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பக்கவாதம் வந்த தோள் மூட்டு தளர்ந்திருக்கும், ஓர் இழுப்பில் நழுவி மாதக்கணக்கில் வலிக்கும். நல்லெண்ணத்தோடு உதவ வரும் அந்நியர்கள் முதலில் பிடிப்பது அந்தக் கையைத்தான், அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிலருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு இடப்பக்கம் இருப்பது கவனத்தில் படாது. தட்டில் இடப்பாதிச் சோறு அப்படியே மிஞ்சினால் அது ஓர் அடையாளம். அப்பாவுக்கு அப்படி இருந்தால், மாடு அவருடைய வலது பக்கம் வருமாறு நாற்காலியை நிறுத்துங்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் பண்ணை அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். பார்வை நேரமும் செய்முறைக் காட்சிகளும் பருவத்துக்குப் பருவம் மாறும், அதைக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நாற்காலியின் மொத்த அகலத்தை அளந்துகொண்டு, எந்தெந்தக் கட்டடத்துக்குள் அது நுழையும் என்று கேளுங்கள். வீட்டுக்குப் படி இல்லாத வாசல் எது, மையத்திலிருந்து நடக்க முடியாதவர்களுக்கு வண்டி ஏற்பாடு உண்டா, மாடும் குதிரையும் அன்று எந்தப் பட்டியில் நிற்கும், அதன் அருகே நாற்காலி எதுவரை வரலாம், அங்கே நிழல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. உங்களுக்கு அவைதான் முக்கியம்.

கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நம்மவர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திவிடுகிறோம், "முடிந்தால் உதவுங்கள்" என்று தொடங்குகிறோம். 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம், 504-ஆம் பிரிவு, உடற்குறை காரணமாக யாரையும் மத்திய அரசு தன் நிகழ்ச்சிகளிலிருந்து ஒதுக்கக் கூடாது என்கிறது. அப்பா பயணி விசாவில் வந்தவர் என்பதால் அது குறைந்துவிடாது. பழம்பெரும் கட்டடத்தை இடித்துச் சரிவுப்பாதை போட முடியாத இடங்களில், உள்ளே இருப்பதைப் படமாகவோ வேறு வழியிலோ காட்டும் பொறுப்பும் அவர்களுக்கு உண்டு. எனவே "மாடி அறைகளின் படத்தொகுப்பு இருக்கிறதா?" என்று உரிமையோடு கேட்கலாம். தேசியப் பூங்காக்களுக்கு இலவசமாக நுழைய மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் வாழ்நாள் அட்டை மட்டும் அப்பாவுக்குக் கிடைக்காது. அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். இந்தப் பண்ணையில் கட்டணமே இல்லாததால் அதற்காக அலைய வேண்டாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன், வேறு மாநிலத்தில் ஒரு விவசாயக் காட்சிப் பண்ணைக்கு என் பெரியப்பாவை அழைத்துப் போனேன். நாற்காலி உள்ளே வராது என்று டிக்கெட் தரும் இடத்திலேயே சொன்னார்கள். "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார் பெரியப்பா. நாங்களும் போனோம். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அவர் அதே இடத்தில், மாட்டுச் சாண வாசனை வரும் பக்கமாக முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். அன்று நான் ஒரு போன் செய்து விசாரித்திருக்கலாம், இன்னொரு வாசல் இருக்கிறதா என்றாவது கேட்டிருக்கலாம். இன்றும் அது மனதை அறுக்கிறது.

இப்போது அம்மா விஷயம். வீட்டில் மிச்சமிருக்கும் இரண்டு பசுக்களை விமானம் ஏறும் நாள்வரை அவர்தான் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவில் கோமாரி நோய் இருக்கிறது. அமெரிக்காவில் 1929-க்குப் பிறகு அது தலைகாட்டவில்லை. அந்தக் கிருமி செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வரக்கூடியது. அதனால்தான் விமான நிலையத்தில், கால்நடைகளின் அருகே இருந்தீர்களா என்று கேட்கிறார்கள். அம்மா மறைக்காமல் "ஆம்" என்று சொல்ல வேண்டும். செருப்பைச் சுத்தம் செய்யச் சொல்லலாம், அவ்வளவுதான். வெளிநாட்டுப் பண்ணையிலிருந்து வருகிறவர்கள் ஐந்து நாளாவது இங்குள்ள கால்நடைகளை நெருங்கக் கூடாது என்று அமெரிக்க விவசாயத் துறை அறிவுறுத்துகிறது. ஒரு வாரம் கழித்துக் கிளம்புங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, இருவருக்கும் இங்கே வாங்கிய காலணி போடுங்கள். இந்தக் காரணத்தை அப்பாவிடமும் சொல்லுங்கள். கோமாரியில் வாய் புண்ணாகி, நுரை தள்ளி, கால் ஊன்ற முடியாமல் நிற்கும் மாட்டைப் பார்த்தவர் அவர், இதை யாரையும்விட நன்றாகப் புரிந்துகொள்வார்.

பயணம் பற்றிச் சுருக்கமாக. ஒரே நாளில் போகாதீர்கள். ஸ்போக்கேன் ஏறக்குறைய சரிபாதி வழி, அங்கே ஓர் இரவு தங்குங்கள். அறை பதிவு செய்யும்போது, நாற்காலியோடு உள்ளே போகக்கூடிய குளியலறை வேண்டும் என்று சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை காரை நிறுத்தி அவரை எழுந்து நிற்கவையுங்கள், அசையாத காலில் இரத்தம் உறைய வாய்ப்பு அதிகம். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார், அதை விடாதீர்கள். மான்டனா எல்லையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும், மாத்திரை நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். டியர் லாட்ஜ் 4,500 அடி உயரத்தில் இருக்கிறது, பகல் வெயில் சுள்ளென்று இருக்கும், இரவுக்கு ஸ்வெட்டர் வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை பற்றிக் கிளம்பும் முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பண்ணையில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். காலையிலேயே போய் முதலில் மாடு நிற்கும் இடத்துக்குப் போங்கள். கோர்ஸின் பேரன் கான் வாரன் ஹெரிஃபோர்டு இனத்தை வளர்த்துப் பெயர் பெற்றவர். சிவப்பு உடம்பும் வெள்ளை முகமுமாக இருக்கும் மாடுகள் அவை. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருந்து ஆறு மாதத்தில் நிறம் மாறும். இது கடைசிவரை சிவப்பாகவே நிற்பதைப் பார்த்து அப்பா ஏதாவது சொல்வார், கேளுங்கள். வேலிக்குள் கை நீட்டக் கூடாது, மின்வேலியாக இருக்கலாம். கன்றோடு நிற்கும் தாய்ப்பசுவை நெருங்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம், உங்கள் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது கொல்லன் பட்டறை. கோடையில் அங்கே இரும்பு காய்ச்சி அடித்துக் காட்டுவது உண்டு. நாற்காலியில் இருப்பவருக்கு மிகப் பொருத்தமான இடம், ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் நெருப்பும் சம்மட்டி ஓசையும் கரி வாசனையும் தாமாக அவரிடம் வரும். குதிரைக் குளம்பு பிளவில்லாதது, அதற்கு ஒரே வளைவாக லாடம். நம் மாட்டுக்குக் குளம்பு இரண்டு பிளவு, பிளவுக்கு ஒன்றாக இரண்டு துண்டு லாடம். அந்தக் கொல்லருக்கு இது தெரிந்திருக்குமோ என்னவோ. அப்பா சொல்லட்டும், நீங்கள் ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லுங்கள். அவர் தொடர்ந்து கேட்டால் நடுவில் புகுந்து சுருக்காதீர்கள்.

வீட்டுக்குள் ரேஞ்சர் (பூங்காத் துறை அலுவலர்) அழைத்துச் செல்லும்போதுதான் போக முடியும். அது மதியத்துக்கு இருக்கட்டும், அப்பா களைத்திருந்தால் விட்டுவிடுங்கள். அம்மா அவசியம் போகட்டும். 1868-இல் பத்தொன்பது வயதில் மணமாகி, மிசௌரி ஆற்றில் படகேறி, பிறகு வண்டியில் வந்து அந்த வீட்டை ஏற்று நடத்திய அகஸ்டா கோர்ஸின் சமையலறையும் கூடமும் இருக்கின்றன. 96 வயதுவரை வாழ்ந்த பெண்மணி. உங்கள் அம்மாவுக்கு அங்கே பேச நிறைய இருக்கும். அந்த நேரத்தில் நீங்களோ கணவரோ ஒருவர் அப்பாவோடு வெளியே நிழலில் இருங்கள். தனியாக விட்டுப் போக வேண்டாம்.

போனவுடன் ரேஞ்சரிடம் "என் அப்பா நடக்க முடியாதவர்" என்று ஆரம்பிக்காதீர்கள், நாற்காலியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். "என் அப்பா ஐம்பது வருடம் மாடு வளர்த்தவர்" என்று ஆரம்பியுங்கள். அவர்கள் தங்கள் மாடுகளைப் பற்றி அவரிடம் கேட்கும்படி விடுங்கள். பல்லைப் பார்த்து வயது சொல்வது இரண்டு நாட்டிலும் ஒன்றுதான், அதிலிருந்து பேச்சு கிளம்பும். அவர் ஒரு மாட்டின் முதுகையும் நெற்றியையும் உற்றுப் பார்த்துச் சுழி தேடத் தொடங்கினால், நாற்காலியின் இரண்டு பிரேக்கையும் போட்டுவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அன்று வேறெங்கும் போகாவிட்டாலும் பரவாயில்லை.